ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவின் தலைமைச் சட்ட அதிகாரி வேலை: காரைக்குடியை விட்டுப் போகலாமா?

கல்லுக்கட்டி வக்கீல் கேட்டது:

வணக்கம். காரைக்குடியில் பதினைந்து வருஷத்துக்கு மேல் வக்கீலாக இருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை கோர்ட்டுகளில் பாகப்பிரிவினை, வாடகை, செக் கேஸ் என்று சிவில் பக்கம்தான் அதிகம். மதுரை பெஞ்சுக்கும் அவ்வப்போது போய்வருகிறேன்.

சென்னையில் ஒரு தொழில்முறைக் கவுன்சில் விளம்பரம் செய்திருக்கிறது. பெயர் வேண்டாம். சட்டப்படி அமைந்தது, உரிமம் கொடுக்கவும் பறிக்கவும் அதிகாரம் உள்ளது. அதன் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்குத் தலைமைச் சட்ட அதிகாரி வேண்டுமாம், மூன்று வருட ஒப்பந்தத்தில். புகார்களைப் பரிசீலிப்பது, விசாரணையை மேற்பார்வையிடுவது, குற்றச்சாட்டு வரைவது, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் கவுன்சில் தரப்பை எடுத்து வைப்பது, ஹைகோர்ட்டில் வரும் ரிட் மனுக்களைக் கவனிப்பது என்று பணி விவரம் போட்டிருக்கிறார்கள்.

இதில் ஏன் மனது போகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஒரு அம்மா வந்தார்கள். பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டைப் புதுப்பிக்க ஒருவரிடம் கொடுத்திருக்கிறார்கள். பழைய ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்துவிட்டு, அடியில் மண்ணைச் சரியாகக் கெட்டிக்காமல் மறுபடி பதித்ததில் தரை ஒரு பக்கம் உள்வாங்கிவிட்டது. சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு. அவரை ஆர்க்கிடெக்ட் என்றே நம்பியிருந்தார்கள். ஆனால் அவருடைய விசிட்டிங் கார்டில் ‘டிசைனர்’ என்றுதான் இருந்தது. ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் 1972 ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைத்தான் காக்கிறது, கட்டட வடிவமைப்புத் தொழிலை எல்லாரும் செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2020-ல் சொல்லிவிட்டது. பதிவே இல்லாத ஆளின் மேல் ஆர்க்கிடெக்ட் கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது. நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அந்தம்மா கேட்ட கேள்வி வேறு: “இவர் நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகாமல் யார் தடுப்பார்கள்?” பதிவு பெற்றவர்கள் விஷயத்திலாவது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இந்த வேலையில் இருந்தவர்கள், பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். உண்மையில் அன்றாடம் என்ன வேலை? கவுன்சிலில் இருப்பவர்கள் எல்லாரும் அதே தொழில்காரர்கள். அவர்களில் ஒருவர் மேல் நடவடிக்கை என்றால் விடுவார்களா? என் சனத் (வக்கீல் பதிவுச் சான்று) என்ன ஆகும்?


பள்ளத்தூர் ஆடிட்டர் எழுதியது:

ஆச்சி, எங்கள் தொழிலில் இந்தப் பதவி சட்டத்திலேயே இருக்கிறது. சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்ஸ் சட்டம் 1949, பிரிவு 21. ஒழுங்கு நடவடிக்கை இயக்குநர் என்று ஒருவர், அவருக்குக் கீழே ஓர் இயக்ககம். புகாரைப் பார்த்து முகாந்திரம் உண்டா இல்லையா என்று முதல் கருத்து எழுதுவது அவர்தான். சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள குற்றம் என்றால் ஒழுங்கு வாரியத்துக்குப் போகும், இரண்டாம் அட்டவணை என்றால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு.

நீங்கள் கவனிக்க வேண்டியது இது. முகாந்திரம் இல்லை என்று இயக்குநர் நினைத்தாலும் அவராகவே கோப்பை மூடிவிட முடியாது. பிரிவு 21ஏ-யின்படி வாரியத்தின் முன் வைக்க வேண்டும். வாரியம் ஒப்புக்கொண்டால்தான் மூடலாம், இல்லாவிட்டால் மேலும் விசாரிக்கச் சொல்லும். நீங்கள் போகும் கவுன்சிலின் சட்டத்தில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டா என்று முதலில் பாருங்கள்.


தேவகோட்டை ஓய்வு எழுதியது:

தங்கச்சி, இதே மாதிரி ஒரு பதவியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேறு கவுன்சில், ஆனால் வேலை ஒன்றுதான். நல்லவர்கள் அந்த நாற்காலிக்கு வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

உரிமத்தை ரத்து செய்கிற நாள்தான் பெரிய நாள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ரத்து செய்வது குழுவின் வேலை. உங்கள் கையில் இருப்பது அதற்கு வெகு முன்னால் நடக்கிற காரியம்: எந்தப் புகார் விசாரணைக்குப் போகிறது, எது போகாமல் நிற்கிறது. புகார் கொடுத்தவருக்கு நியாயம் கிடைக்குமா என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும்.

சேர்ந்ததும் தன்பதிவேட்டை (வந்த தபால்களை எழுத்தர் குறித்து வைக்கும் பதிவேடு) வாங்கி, ‘குறை நிவர்த்திக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது’ என்று முடித்த பதிவுகளை மட்டும் தனியாகப் பாருங்கள். பிரமாணப் பத்திரம் இல்லை, நோட்டரி கையெழுத்து இல்லை, நகல் போதவில்லை, கட்டணம் வரவில்லை. இந்தக் காரணங்களுக்காகத் திரும்பிப் போன புகார்கள் மறுபடி வருவது அபூர்வம். தபால் போனதோடு அலுவலகத்தில் கணக்கு முடிந்துவிடும். புகார் கொடுத்தவர், கவுன்சில் தள்ளுபடி செய்துவிட்டது என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார்.

அப்படி ஒரு கட்டு என் மேசைக்கு வந்தது. கோடு போட்ட நோட்டுத்தாளில் ஒரு பெரியவர் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தார். முக்கால்வாசி குடும்ப வருத்தம். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: வெறும் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள் என்று. பின்னால் குத்தியிருந்த நகலைப் பார்த்தேன். கையெழுத்து தாளின் நடுவிலேயே இருந்தது. அதற்கு மேலே தட்டச்சு செய்த வரிகளில் கடைசி நான்கு மட்டும் பாதி இடைவெளியில் நெருக்கி அடித்திருந்தது, கையெழுத்துக்குள் இடிக்காமல் முடிப்பதற்காக. யார் பார்த்தாலும் தெரியும். ஆனால் பார்த்தால்தானே! பிரிவு எழுத்தர் ‘பிரமாணம் இல்லை’ என்று முதல் பக்கத்திலேயே குறித்துத் திருப்பிவிடத் தயாராக வைத்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்குக் கொடுத்திருந்த பட்டியலில் அதுதான் முதல் கேள்வி. ஒரு பிரமாணப் படிவத்தைச் சேர்த்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலில் பெருக்கல் குறி போட்டு அனுப்பினோம். திரும்பி வந்தது. விசாரணை நடந்தது, அந்த உறுப்பினரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கியது.

இதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் வேண்டாம். குறை இருந்தால் என்ன குறை, எப்படிச் சரிசெய்வது என்று தமிழில் ஒரு பக்கம், கூடவே வெற்றுப் படிவம், முப்பது நாள் கழித்து ஒரு நினைவூட்டு. அவ்வளவுதான்.

பள்ளத்தூர் தம்பி சொன்ன ஏற்பாடு அருமையானது. உங்கள் சட்டத்தில் இல்லாவிட்டாலும் நீங்களே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மூடும் ஒவ்வொரு கோப்பும் காரணத்தோடு குழுவின் பார்வைக்குப் போகட்டும். அது உங்களுக்கும் பாதுகாப்பு. தனியாக ஒருவர் கோப்பை மூடும் அதிகாரம் வைத்திருந்தால், சிபாரிசு எல்லாம் அந்த ஒருவரைத் தேடித்தான் வரும்.

குற்றச்சாட்டு வரைவதில் உங்கள் சிவில் பழக்கம் கைகொடுக்கும். ‘தொழில் தர்மத்துக்கு விரோதமாக நடந்துகொண்டார்’ என்று எழுதினால் அது குற்றச்சாட்டே இல்லை. எந்தத் தேதி, எந்த ஆவணம், எந்தச் செயல், எந்த விதி என்று நாலும் வேண்டும். நிரூபிக்க வேண்டிய அளவும் சாதாரண சிவில் வழக்கைவிட அதிகம். காண்டேகர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: கிரிமினல் தண்டனைக்கு வேண்டிய அளவு வேண்டாம், ஆனால் சிவில் வழக்கைக் காட்டிலும் கூடுதலாக, நம்பத்தக்க விதத்தில் சாட்சியம் ஒரு பக்கம் ஓங்கி நிற்க வேண்டும். ஒருவருடைய பிழைப்பையே நிறுத்துகிற காரியம் இது. அந்த அளவு இல்லாத புகாரை வீம்புக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பொய்ப் புகாரில் சிக்கி, பேர் கெட்டுப் போன நல்ல உறுப்பினர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களைக் காப்பதும் உங்கள் வேலைதான்.

கவுன்சில்காரர்கள் விடுவார்களா என்று கேட்டீர்கள். நேரடியாக ‘இந்தக் கோப்பை மூடு’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்பார்கள். அப்படியே அந்தக் கவுன்சிலின் பதவிக் காலம் முடிந்துவிடும். வக்கீல்கள் விஷயத்தில் அட்வகேட்ஸ் சட்டம் பிரிவு 36பி ஒரு வருடக் கெடு வைத்திருக்கிறது. மாநில பார் கவுன்சில் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். 2021 டிசம்பரில் அஞ்சினப்பா வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை மறுபடி கண்டிப்பாகச் சொன்னது. உங்கள் கவுன்சிலுக்குக் கெடு இல்லையென்றால், நிலுவைப் பட்டியலை வயது வாரியாக ஒவ்வொரு கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிலும் முதல் பொருளாக வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நிற்பது எது, யார் கேட்டு ஒத்திவைத்தது என்று அச்சில் இருந்தால், ஒத்திவைக்கச் சொல்கிற வாய் கொஞ்சம் யோசிக்கும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். நீங்கள் குற்றச்சாட்டை நடத்துகிறவர். குழு ஆலோசிக்கும்போது, “சட்ட அதிகாரிதானே, இருங்கள், சந்தேகம் கேட்போம்” என்பார்கள். எழுந்து வெளியே வந்துவிடுங்கள். ஆடிட்டர்கள் நிறுவனத்துக்கும் எல்.கே. ரத்னாவுக்கும் நடந்த வழக்கில் 1986-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதைப் படித்துவிட்டுப் போங்கள். விசாரித்த குழுவின் உறுப்பினர்களே பிறகு குற்றவாளியா என்று தீர்மானிக்கும் கவுன்சில் கூட்டத்திலும் உட்கார்ந்ததால் முடிவு நிற்கவில்லை. விசாரித்தவருக்கே அப்படி என்றால், குற்றம் சாட்டியவர் உள்ளே இருந்தால் என்ன ஆகும்?

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சிரமம் உண்டு. நகரத்தாரில் ஒன்பது கோயில் பிரிவு, அதற்குள் பங்காளி, சம்பந்தம் என்று எப்படியும் ஒரு உறவு வந்துவிடும். புகாரில் உள்ள உறுப்பினரின் மாமனார் உங்கள் கோயில் பங்காளியாக இருப்பார். கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் வந்து உட்காருவார். பேச்சுக் கொடுத்தால் முகத்தை முறிக்க வேண்டாம், ஆனால் மறுநாள் காலையில் குறிப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: இன்னார் எனக்கு இன்ன உறவு, இந்தக் கோப்பை நான் பார்க்க மாட்டேன், அடுத்த அலுவலர் பார்ப்பார் என்று. இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தால் ஊரில் தெரிந்துவிடும். அதற்கப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

சனத் விஷயம். இந்திய பார் கவுன்சில் விதி 49-ன்படி முழுநேரச் சம்பளத்தில் இருக்கும்வரை வக்கீல் தொழில் செய்யக் கூடாது. மாநில பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்து நிறுத்தி வைக்க வேண்டும், திரும்பி வரும்போது மறுபடி தொடங்கலாம். கவுன்சிலின் ரிட் வழக்கில் கவுன் போட்டு நீங்கள் ஆஜராக முடியாது, அதற்குக் கவுன்சில் நியமித்த நிலை வழக்கறிஞர் இருப்பார். மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் தேதியில் வக்கீலாகத் தொடர்ந்து இருக்க வேண்டும் என்று 2013 தீபக் அகர்வால் தீர்ப்பு சொல்கிறது.


கோட்டையூர் வளவுவீடு எழுதியது:

வக்கீலம்மா, நான் புகார் கொடுத்த பக்கம் இருந்தவள். எங்கள் வீட்டில் பங்கு நிறைய. ஒவ்வொரு புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) ஓர் அறை என்று பிரிந்து கிடக்கிறது. பாகப்பிரிவினைப் பத்திரமும் பழைய வரி ரசீதுகளும் ஒரு வக்கீலிடம் வழக்குக்காகக் கொடுத்தோம். பீஸ் பாக்கி என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கவில்லை. பாக்கி எவ்வளவு என்று கேட்டால் அதற்கும் சீட்டு கிடையாது. புகார் எழுதினேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு கடிதம் வரவில்லை.

பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், காலை பத்தரைக்கு. பல்லவன் ரயில் எழும்பூர் போய்ச் சேரவே மதியமாகிவிடும், அதனால் முந்தின ராத்திரியே பஸ் ஏறினோம். எங்கள் அப்பச்சிக்கு முழங்கால் வலி, அவரும் வந்தார். போனால் குழுவில் ஒருவர் வரவில்லை, வேறு தேதி என்றார்கள். எதிர்த்தரப்புக்கு முந்தின நாளே போன் போயிருக்கிறது. எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. வாசல் பெஞ்சில் அப்பச்சி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கேன்டீனில் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் அந்த வேலைக்குப் போனால் இதை மட்டும் செய்யுங்கள். தேதி மாறினால் புகார்தாரருக்கும் ஒரு போன் போட வைத்துவிடுங்கள். வெளியூர்க்காரர்களை காணொலியில் விசாரிக்க முடியாதா?


கானாடுகாத்தான் சாக்ரமெண்டோ எழுதியது:

நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே உள்ள முறை உங்களுக்கு யோசனைக்கு உதவலாம். மருத்துவர் மேல் புகார் என்றால் மாநில மருத்துவ வாரியத்துக்குப் போகும். ஆனால் வழக்கை நடத்துவது வாரியத்தின் ஆட்கள் இல்லை, மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் அதற்கென்றே உள்ள பிரிவின் வக்கீல்கள். கேட்பது தனி நிர்வாகச் சட்ட நீதிபதி. அவர் எழுதிக் கொடுக்கும் முன்மொழிவை ஏற்பதா வேண்டாமா என்று வாரியத்தின் குழு முடிவு செய்யும். குற்றச்சாட்டுப் பத்திரம் தாக்கலானதும் பொது ஆவணம். அந்த மருத்துவரின் பெயரைப் போட்டு வாரியத்தின் தளத்தில் தேடினால் யாரும் படிக்கலாம்.

விசாரிப்பவர், குற்றம் சாட்டுபவர், தீர்ப்பவர் மூவரும் வெவ்வேறு சம்பளப் பட்டியலில் இருப்பது பெரிய பலம். ஊரில் மூன்றும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் தேவகோட்டை ஐயா சொல்கிற மாதிரி நாமே கோடு போட்டு நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.


தேவகோட்டை ஓய்வு எழுதியது:

கோட்டையூர் தங்கச்சிக்கு: தாராளமாக முடியும். சாட்சியைக் காணொலியில் விசாரிக்கலாம் என்று 2003-லேயே பிரபுல் தேசாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, அதுவும் கிரிமினல் வழக்கில். பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கோப்பைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கிலும் தெளிவாக இருக்கிறது. பாக்கி இருந்தால் அவர் தனியாக வசூல் வழக்குப் போட வேண்டும். இந்தத் தீர்ப்பைச் சொல்லி, நகல் வைத்து, குழுவுக்கு ஒரு இடைக்கால மனுப் போடுங்கள்: விசாரணை நடக்கட்டும், பத்திரங்களை முதலில் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்று. அப்பச்சியை இனி அலைக்கழிக்க வேண்டாம்.


கல்லுக்கட்டி வக்கீல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. விண்ணப்பம் போடுவதாக முடிவு செய்துவிட்டேன். கோட்டையூர் ஆச்சி எழுதியதைப் படித்தபின் தயக்கம் போய்விட்டது. அண்ணே, நேர்முகத்தில் நான் என்ன கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்? ஹைகோர்ட்டில் ரிட்டுக்குக் கவுன்சில் கொடுக்கும் எதிர்வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவது யார், நானா பதிவாளரா?


தேவகோட்டை ஓய்வு எழுதியது:

நல்ல முடிவு. கையெழுத்து பெரும்பாலும் பதிவாளர்தான் போடுவார், வரைவது நீங்கள். அதில் ஒன்று கவனம். குழுவின் உத்தரவு இரண்டு வரியில் இருக்கும்; ரிட் வந்ததும் எதிர்வாக்குமூலத்தில் பத்துப் பக்கத்துக்குக் காரணம் அடுக்கச் சொல்வார்கள். நிற்காது. உத்தரவில் இல்லாத காரணத்தைப் பின்னால் வாக்குமூலத்தில் சேர்க்க முடியாது என்று மொஹிந்தர் சிங் கில் வழக்கு 1977-லேயே சொல்லிவிட்டது. எனவே உத்தரவு வெளியே போவதற்கு முன்பே காரணங்கள் அதில் இருக்கின்றனவா என்று பார்க்கும் வழக்கத்தை உண்டாக்குங்கள். காரணம் குழுவினுடையதாகவே இருக்க வேண்டும். நீங்கள் எழுதித் தரக் கூடாது. இல்லை என்றால் ‘காரணம் எழுதவும்’ என்று திருப்பி வையுங்கள்.

நேர்முகத்தில் இரண்டு கேளுங்கள். ஒன்று, நீங்கள் தலைவருக்குப் பதில் சொல்ல வேண்டுமா, கவுன்சிலுக்கா. தலைவர் தேர்தலில் ஜெயித்து வருபவர், அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் மேல்தான் புகார் வரும். கவுன்சிலுக்கு என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இரண்டு, மூன்று வருஷத்துக்குள் உங்களை நீக்க வேண்டுமென்றால் காரணம் எழுதி, உங்கள் விளக்கத்தைக் கேட்டுத்தான் நீக்க வேண்டும் என்ற ஷரத்து. ‘ஒரு மாத நோட்டீஸில் எந்தத் தரப்பும் முடித்துக்கொள்ளலாம்’ என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வரைவு ஒப்பந்தம் வந்ததும் இங்கே ஷரத்தை மட்டும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.